அத்தைக்கு: அன்றைக்கு ரிக்ளி மைதானத்தில் நீங்கள் சொன்னது

அத்தைக்கு,

அமெரிக்கக் குடியுரிமைக்கு அவர் உறுதிமொழி எடுத்தாகிவிட்டது. உங்கள் மகன் போனில் சொன்னபோது "சரி கண்ணு, நல்லா இருங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டீர்கள். அந்த வாரம் முழுக்கப் பொள்ளாச்சியிலிருந்து யார் யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள், "ஏம்மா இப்படிப் பண்ணிட்டே?" என்று. அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போனைக் கொடு என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை.

நான் இங்கே எழுதுவதை நங்கை உங்களுக்கு வாசித்துக் காட்டுவார் என்று தெரியும். (நங்கை, இதையும் குரலை மாற்றாமல் வாசியுங்கள்.) நம் சொந்தத்தில் இன்னும் சில பேர் சத்தமில்லாமல் வந்து படித்துவிட்டுப் போவதும் தெரியும். அதனால் சிலவற்றை எழுத மாட்டேன். எழுதாமல் விட்டது எது என்று உங்களுக்குப் புரியும்.

"குளுருல கொண்டுபோய் நிறுத்தினா" என்று ஊரில் சொல்லியிருக்கிறீர்கள். நிறுத்தினேன்தான். சிகாகோவில் டிசம்பரில் நாலரை மணிக்கே இருட்டிவிடும். நீங்களோ ஜன்னலோரம் உட்கார்ந்து, தோப்பில் இருப்பவரிடம் வாட்ஸ்அப்பில் தேங்காய் விலை கேட்டபடி நாளைக் கடத்திக்கொண்டிருந்தீர்கள். கூட்டிப் போகாமல் இருந்திருந்தால் "வீட்டுக்குள்ளயே பூட்டி வெச்சா" என்று வந்திருக்கும். எப்படியும் ஒரு பேச்சு உண்டு என்று ஆன பிறகு, ரிக்ளி ஃபீல்டு என்ற பேஸ்பால் மைதானத்துக்குப் போனால் என்ன என்றுதான் கிளம்பினோம்.

போகிற வழியெல்லாம் உங்கள் மகன் பேசிக்கொண்டே வந்தார். வீட்டில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. 1914-இல் கட்டிய மைதானம், 1988 வரைக்கும் ராத்திரி ஆட்டத்துக்கு விளக்கே கிடையாது, ஸ்கோர் போர்டில் இன்றைக்கும் ஆள் உட்கார்ந்து கையால்தான் எண் மாற்றுகிறார்கள். நீங்கள் ஒன்றுக்கும் அசையவில்லை. ஆட்டுக் கதை வந்தபோதுதான் நிமிர்ந்தீர்கள். 1945-இல் 'உலகத் தொடர்' என்கிற பேஸ்பால் இறுதிப் போட்டிக்குப் பில்லி சியானிஸ் என்ற மதுக்கடைக்காரர் தன் ஆட்டுக்கும் சேர்த்து டிக்கெட் வாங்கி வந்தாராம். நாற்றமடிக்கிறது என்று ஆட்டை வெளியே அனுப்பிவிட்டார்களாம். இனிமேல் இந்த மைதானத்து அணியான சிகாகோ கப்ஸ் ஜெயிக்காது என்று அவர் சாபம் விட்டதாகக் கதை. ஏற்கெனவே 1908-க்குப் பிறகு கோப்பை கிடைக்காத அணி அது. அப்புறமும் கிடைக்கவில்லை, 2016-இல்தான் ஜெயித்தது. "வாயில்லா சீவனை வெளிய தள்ளுனா எப்படி வெளங்கும்?" என்றீர்கள், தீர்ப்பு மாதிரி. அதிலிருந்து உங்களுக்கு அந்த மைதானம் பிடித்துப்போயிற்று.

பேஸ்பால் இலையுதிர்காலத்தோடு முடிந்துவிடும், குளிர்காலத்தில் மைதானம் சும்மாதான் கிடக்கும், அதனால்தான் உள்ளே குழந்தைகளுக்கு ராட்டினமும் பனியில் ஓடுகிற மோதல் கார்களும் வைத்திருக்கிறார்கள் என்று சொன்னேன். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "தென்னைக்கு நடுவால ஊடுபயிர் போட்டிருக்கான்" என்றீர்கள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. உள்ளே ஆடுகளத்தின் எல்லைச் சுவரில் கோடை முழுக்கப் பச்சையாகப் படர்ந்திருக்கும் ஐவிக் கொடி, குளிருக்கு இலை உதிர்த்து வெறும் குச்சியாக நின்றது. அதன் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினீர்களே, நினைவிருக்கிறதா? 1937-இல் வைத்த கொடி என்றதும், "வருசா வருசம் தளுக்குதா?" என்று இரண்டு தடவை கேட்டீர்கள்.

பக்கத்துச் சதுக்கத்தில் ஜெர்மன் சந்தை. நூரம்பர்க் ஊர்ச் சந்தையைப் பார்த்து 1996-இல் சிகாகோவில் ஆரம்பித்தது, அதன் ஒரு கிளை இங்கே. மரக் குடில்கள், கண்ணாடி உருண்டைகள், சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாம், உருளைக்கிழங்கு அடை. விலையை எல்லாம் ரூபாயாக்கிப் பார்த்து எதையும் வாங்கவிடவில்லை. அங்கே சிவப்பு ஒயினில் கிராம்பும் பட்டையும் போட்டுச் சூடாக்கி, அந்த வருஷத்துப் படம் போட்ட கோப்பையில் தருவார்கள், கோப்பை நமக்கே. உங்கள் கோப்பையில் இருந்தது என்ன என்று நான் சொல்லப்போவதில்லை. சூடான சாக்லேட்டையும் கோப்பையில்தான் தருவார்கள் என்பதை உறவினர்கள் கவனிக்கவும். சளிக்கு நல்லது என்று நீங்கள் இன்னொன்று கேட்டது மட்டும் உண்மை.

சறுக்குத் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் நின்றோம். உள்ளே அவரும் பாப்பாவும். அவருக்குச் சறுக்கத் தெரியாது. விழுந்தார், எழுந்தார், மறுபடி விழுந்தார். பாப்பா கைகொட்டிச் சிரிக்க, அவரும் பனியில் உட்கார்ந்தபடியே வாய்விட்டுச் சிரித்தார். நீங்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம் என் பக்கம் திரும்பாமலே சொன்னீர்கள்: "இவன் இனி வரமாட்டான், கண்ணு."

"வருவோம் அத்தை, பாப்பா ஹைஸ்கூல் போறதுக்குள்ள" என்றேன்.

"அவன் மூஞ்சியப் பாரு. நம்மூட்ல என்னைக்காச்சும் இப்படிச் சிரிச்சிருக்கானா?"

நான் பதில் சொல்லவில்லை. நம் வீட்டில் அவர் ஏன் சிரித்ததில்லை என்பது உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மாமா படத்துக்கு மாலை போட்டாகிவிட்டது. அதைப் பற்றி இந்த இடத்தில் ஒரு வரிகூட எழுத மாட்டேன்.

ஆனால் அத்தை, அன்றைக்கே உங்களுக்குத் தெரிந்துவிட்டதல்லவா? உங்கள் வாயால் சொன்னதுதானே? அப்புறம் எப்படி ஊருக்குத் திரும்பியதும் "மருமக வுடமாட்டீங்கறா" என்று ஆனது? அப்போது கோயமுத்தூரில் பள்ளிக்கூடம் விசாரித்துக்கொண்டிருந்தவள் நான். பீளமேட்டில் வாடகைக்கு வீடு பார்க்கச் சொல்லி என் தம்பியை அலையவைத்தவள் நான். இதை நங்கையிடம் நீங்கள் சொன்னதே இல்லை. மகனைக் குறை சொல்ல மனசு வராது, சரி. அதற்கு நான்தான் கிடைத்தேனா?

கோபமாக எழுதிவிட்டேன். அழிக்கப்போவதில்லை.

நீங்கள் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருப்பது எனக்கு உறுத்தாமல் இல்லை. மழைக்காலத்தில் கரண்ட் போய்விட்டது என்று நீங்கள் சொன்னால் எனக்கு அன்றைக்குத் தூக்கம் வராது. மன்னியுங்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுதினால் எல்லாவற்றையும் நான்தான் செய்தேன் என்று ஒப்புக்கொண்டதாகப் படிப்பார்கள். எழுதாவிட்டால் கல்நெஞ்சுக்காரி. நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள், உங்களிடம் நான் கௌரவம் பார்க்க மாட்டேன்.

தோப்பைப் பற்றி உங்களுக்கு யாரோ தப்பாகச் சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள். இந்தியக் குடியுரிமை போய், வேறு நாட்டுக் குடிமகனாகிவிட்ட இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை வாங்கினால், புதிதாக விவசாய நிலம் விலைக்கு வாங்க முடியாது. அவ்வளவுதான். தாய் தகப்பனிடமிருந்து வாரிசாக வருவதை அது தடுக்காது. தானமாக எழுதித் தருவதில்தான் சிக்கல், ஆகவே எதிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு வக்கீலிடம் கேளுங்கள். அந்தப் பக்கத்துத் தோப்பை உங்கள் மகன் பெயரில் வாங்கிச் சேர்க்கும் நினைப்பு இருந்தது, அது இனி நடக்காது. அந்த வருத்தம் நியாயம். உறுதிமொழிக்கு முந்தின ராத்திரி அவர் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அதையும் நீங்கள் அவர் வாயாலேயே கேட்க வேண்டும், நான் எத்தனை நாளைக்கு நடுவில் நின்று பதில் சொல்வேன்?

சனிக்கிழமை ராத்திரி இங்கே எட்டு மணிக்குக் கூப்பிடுகிறேன். உங்களுக்கு ஞாயிறு காலை ஏழரை, பால்காரர் வந்து போயிருப்பார். உங்கள் மகன் கையில் போனைக் கொடுத்துவிட்டு நான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போய்விடுவேன். ஏன் வரவில்லை என்று அவரையே கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் விடாதீர்கள்.

உங்கள் மருமகள்