பறிபோகாத பீரியட்

கோபி
ஞாயிற்றுக்கிழமை

அன்புக் கண்ணு,

நேற்று போனில், "கணக்கு டீச்சர் மறுபடியும் என் விளையாட்டுப் பீரியடை வாங்கிக்கிட்டாங்கப்பா" என்று அழாத குறையாகச் சொன்னாய். 31 வருஷம் உன்னைப் போலவே பி.டி. மாஸ்டராக இருந்தவனுக்கு இது புதிதா? பரீட்சை நெருங்கினால் நம் பீரியட் ஊர்ச் சொத்து. அதை ஹெச்.எம்.மிடம் நீயே நேரில் போய்ப் பேசு. எனக்கு உறுத்துவது வேறு. பறிபோகாத பீரியடில் பிள்ளைகள் எவ்வளவு நேரம் ஓடுகிறார்கள்?

போன வாரம் பால் சொசைட்டிக்குப் போகும் வழியில், பக்கத்துப் பள்ளி கிரவுண்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே மாஸ்டர் என்னிடம் படித்த பையன்தான்; புங்க மரத்தடியில் சேர் போட்டுக் கொடுத்தான். ஒரு பக்கம் ரிப்பன் அவிழ்ந்த ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்றை மனதில் குறித்துக்கொண்டேன். 10 விநாடி அவளைப் பார்ப்பது, அடுத்த 10 விநாடிக்குள் நோட்டில் ஒரு கோடு: படுத்திருக்கிறாளா, உட்கார்ந்திருக்கிறாளா, நிற்கிறாளா, நடக்கிறாளா, அதற்கு மேலா. இது என் கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் 1991-லேயே வந்த முறை. பாதி நேரமாவது பிள்ளைகள் நடையிலோ ஓட்டத்திலோ இருந்தால்தான் அங்கே அதை நல்ல வகுப்பு என்பார்கள்.

அரை மணி நேரத்தில் 90 கோடு. நின்றது 51, உட்கார்ந்தது 17, நடந்தது 16, ஓடியது 6. ஆறு கோடு என்றால் இரண்டே நிமிஷம், கண்ணு! ஒரு வாலிபால், நாற்பது பிள்ளைகள். பந்து அவள் பக்கம் வந்தபோதெல்லாம் ஒரு கையால் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கினாள். பெல் அடித்ததும் கிளாசுக்கு ஓடினாள் பார், அந்த ஓட்டத்தைப் பீரியடில் ஒரு தடவைகூட நான் பார்க்கவில்லை. பென்சிலை அதற்குள் பையில் போட்டுவிட்டேன்.

அந்தப் பையனைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவன் செய்வது நான் சொல்லிக் கொடுத்ததுதானே! பட்டியில் அடைத்த ஆடு மாதிரி வரிசையில் நிறுத்திவிட்டு, அதற்கு ஒழுக்கம் என்று பேர் வைத்தவன் நான். கணக்கு போட்டுப் பார். நாற்பது பேரை இரண்டு வரிசையாக்கி ரிலே விட்டால், ஆளுக்கு 15 விநாடி ஓட்டம். அடுத்த முறை வர ஐந்து நிமிஷம். எட்டு வரிசையாக்கினால் ஒன்றேகால் நிமிஷத்தில் முறை வந்துவிடும். விசில் அதேதான், கிரவுண்டும் அதேதான்.

நம் கோ-கோவும் இப்படித்தான். களத்தில் பன்னிரண்டு பேர் இருந்தாலும் ஒரே சமயத்தில் ஓடுவது துரத்துகிறவர் ஒருவர், தப்பிக்கிறவர் மூவர். எட்டுப் பேர் குந்தியிருப்பார்கள். அருமையான ஆட்டம், வேண்டாம் என்று சொல்லவில்லை. மற்ற இருபத்தெட்டுப் பேருக்கு அந்நேரம் என்ன வேலை என்று யோசி. 'அவுட்' ஆனால் வெளியே உட்காரும் ஆட்டங்களில் முதலில் வெளியே போவது யார்? ஓடத் தெரியாத பிள்ளை. அதற்குத்தான் ஓட்டம் அதிகம் தேவை. அவுட் ஆனால் கிரவுண்டை ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி சேர்ந்துகொள்ளச் சொல்.

அட்டெண்டன்ஸை அவர்கள் மெதுவாக ஓடும்போதே எடு. பந்துக்குக் காற்று அடிப்பதை முந்தின பீரியடிலேயே முடித்து வை. துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொள்ள விடு. யாராவது கேட்டால் டீச்சர் சொன்னார் என்று சொல்லச் சொல்.

உலக சுகாதார நிறுவனம் பிள்ளைகளுக்குத் தினமும் சராசரியாக 60 நிமிஷம் நல்ல அசைவு வேண்டும் என்கிறது. வாரம் இரண்டு பீரியடில் அது தேறாது, தெரியும். நாங்கள் பொழுது சாயும்வரை காட்டில் மாட்டோடு ஓடியவர்கள், எங்களுக்கு யாரும் எண்ணவில்லை. இப்போது வேனில் ஏறி, வேனில் இறங்கி, டியூஷனுக்குப் போகிற பிள்ளைகளுக்கு உன் பீரியட்தான் கிரவுண்டு.

சந்தையில் நார்க் கயிறு வாங்கி, ஸ்கிப்பிங்குக்கு அளவாக இருபது வெட்டி முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். பொங்கல் நோம்பிக்கு வரும்போது எடுத்துக்கொண்டு போ. வருவதற்கு முன்னால் ஒரு பிள்ளைக்காவது கோடு போட்டுப் பார்த்து, எத்தனை வந்தது என்று ஒளிக்காமல் எழுது. அம்மா, நீ மதியம் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

அப்பா