ஆயுள் தண்டனையும் 14 ஆண்டுகளும்

ஐயா,

கொலை வழக்கில் ஆயுள் தண்டனை என்ற செய்தி வந்த அன்றே, ‘பதினாலு வருஷத்தில் வெளியே வந்துவிடுவான்’ என்று மதுரை டீக்கடைகளில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள் (நானும் நெடுநாள் அப்படித்தான் நம்பியிருந்தேன்). ஆயுள் தண்டனை என்பது எஞ்சிய வாழ்நாள் முழுவதற்குமான சிறை என்று உச்ச நீதிமன்றம் 1961-லேயே தெளிவுபடுத்தியிருக்கிறது. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றங்களில் ஆயுள் தண்டனை பெற்றவருக்கு அரசு தண்டனைக் குறைப்பு அளிக்க முன்வந்தாலும், அவர் குறைந்தது 14 ஆண்டுகளைச் சிறையில் கழித்திருக்க வேண்டும் என்று மட்டுமே பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 475-ஆவது பிரிவு கூறுகிறது. அது விடுதலைக்கான உரிமையன்று. ஒருவருக்கு விதிக்கப்பட்ட பல தண்டனைகளை ‘ஏககாலத்தில்’ அனுபவிக்க வேண்டும் என்று தீர்ப்பில் வந்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாக அல்லாமல் ஒருசேர நடக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. தீர்ப்புச் செய்திகளுடன் இவ்விளக்கங்களையும், தண்டனையின் அளவுக்கு நீதிபதி கூறிய காரணங்களையும் கட்டம் கட்டி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
செல்லூர், மதுரை.