புல் திரும்பி வந்த பிறகு

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாட்களாகிவிட்டன. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. முட்டை கேட்டு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, கடன் வாங்கிக் கோழிகளை இரண்டு மடங்காக்கிவிடட்டுமா என்று கேட்டிருந்தாய். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன். அப்போது எடுத்த அவசர முடிவை எங்கள் வீடே சேர்ந்து சுமந்தது. அதனால்தான் உனக்கு நிதானமாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

வீட்டில் எல்லோரும் நலம். அவருக்கு முதுகுவலி வெகுவாகக் குறைந்திருக்கிறது. அத்தைக்கு நடை தளர்ந்துவிட்டாலும் மாலையில் முட்டைகளை எண்ணி வைக்கும் வேலையை யாருக்கும் விட்டுத்தர மாட்டார். பெரியவள் படிப்பை முடித்துவிட்டுப் பண்ணையிலேயே இருக்கப்போவதாகச் சொல்கிறாள். அவளுக்காகவாவது இந்த நிலத்தைக் கெடுக்காமல் வைத்திருக்க வேண்டும் என்ற கவலை எனக்கு இப்போது கூடியிருக்கிறது.

அந்த ஆண்டு எங்களிடம் 120 கோழிகள் இருந்தன. பகல் நீளும் மாதங்களில் அவை நன்றாக முட்டையிட்டன. முட்டை வாங்கிப் போனவர்கள் தங்கள் உறவுகளுக்குச் சொன்னார்கள், உறவுகள் பக்கத்து வீடுகளுக்குச் சொன்னார்கள். காலையில் வாசலில் ஆட்கள் நிற்பதைப் பார்க்கையில் எனக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனை ஆண்டு உழைப்புக்கு இப்போதுதான் மதிப்பு கிடைத்திருக்கிறது, இதை நழுவவிடக் கூடாது என்று நினைத்தேன். கடன் வாங்கிக் கொட்டகையை நீட்டினோம். 180 குஞ்சுகள் வந்து இறங்கின.

குஞ்சு முதல் முட்டையிட 18 முதல் 20 வாரங்கள் ஆகும் என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும் அந்த வாரங்களை எப்படிக் கடத்துவது என்று நான் யோசிக்கவில்லை. கடன் தவணை முதல் மாதமே தொடங்கிவிட்டது. குஞ்சுகள் தின்றுகொண்டே இருந்தன. வாசலில் நின்றவர்களில் பாதிப்பேர் அதற்குள் வேறு இடம் பார்த்துப் போய்விட்டார்கள். இளங்கோழிகள் முட்டையிடத் தொடங்கிய நேரத்தில் பகல் குறைய ஆரம்பித்தது. பழைய கோழிகள் இறகு உதிர்த்து முட்டையை நிறுத்தின. ஒரு முட்டை உருவாகவே ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதை நம் வாசலில் நிற்கும் கூட்டத்துக்காக எந்தக் கோழியும் சுருக்கிக்கொள்ளாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். நிலத்துக்கு நேர்ந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. 120 கோழிகள் மேய்ந்த அதே நிலத்தில் 300 கோழிகள் கிளறின. இரண்டே மாதத்தில் புல் வேரோடு போனது. மழை பெய்ததும் எச்சமும் சேறும் ஒன்றாகக் குழைந்து கிடந்தன. கொட்டகைக்குள் நுழைந்தால் கண் எரிந்தது. பிறகு இளங்கோழிகளுக்கு இரத்தக் கழிச்சல் வந்தது. அந்த நோயின் கிருமி ஈர மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கோழிகளுக்கு மருந்து கொடுத்தாலும் மண்ணிலிருந்து மறுபடி ஏறும். தினமும் காலையில் செத்த கோழிகளைப் பொறுக்கிக் குழியில் போட்டோம். அவர் ஒரு வார்த்தை பேசாமல் குழி வெட்டுவார். முப்பத்தைந்து கிலோ தீவனத்தை நாள்தோறும் சுமந்து அவருடைய முதுகும் அந்த ஆண்டுதான் போனது.

ஒருநாள், தொடக்கம் முதல் எங்களிடம் வாங்கும் ஒரு பாட்டி, "மஞ்சள் கரு ஏன் வெளுத்துவிட்டது?" என்று கேட்டார். குறை சொல்லும் குரலில் கேட்கவில்லை, எங்களுக்கு உடம்புக்கு முடியவில்லையோ என்பதுபோல் கேட்டார். அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பச்சைத் தழையில் இருக்கும் நிறமிதான் கருவுக்கு அந்த நிறத்தைத் தருகிறது. எங்கள் கோழிகளுக்குக் கொத்தப் புல்லே இல்லை. எந்த முட்டைக்காக அத்தனை பேர் வந்தார்களோ, அந்த முட்டையை அவர்களுக்காகவே நாங்கள் இல்லாமல் செய்துவிட்டோம்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். வளரவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். நாங்களும் வளர்கிறோம், மண் எங்களுக்கு முன்னால் போகிறது, அவ்வளவுதான். நிலத்தை ஆறு பிரிவுகளாகப் பிரித்து, சக்கரம் வைத்த சிறு கொட்டகைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நகர்த்துகிறோம். மேய்ந்த பிரிவில் புல் கணுக்கால் உயரம் எழும்பும் வரை கோழி அங்கே திரும்பக் கால் வைக்காது. சென்ற ஆண்டு ஏழாவது பிரிவைத் தயார் செய்தோம். விதைத்து, அது பசுமையாக நிலைத்த பிறகே இருபது குஞ்சுகள் வாங்கினோம். இப்போது மொத்தம் 160 கோழிகள். எல்லாம் ஒரே நேரத்தில் இறகு உதிர்க்காதபடி வெவ்வேறு வயதில் வைத்திருக்கிறோம். அவரும் பெரியவளும் இடுப்பு ஒடியாமல் பார்த்துக்கொள்ளக்கூடிய எண்ணிக்கையும் அதுதான்.

வாங்குகிறவர்களிடம் பேசுவதுதான் எனக்கு மிகக் கடினமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள் என்று பயந்தேன். ஜப்பானில் 1970களில் 'தெய்கேய்' என்ற முறை பரவியதைப் பற்றிப் பெரியவள் படித்துச் சொன்னாள். விளைவிக்கிறவர்களும் வாங்கும் குடும்பங்களும் நேரடியாகக் கூடிப் பேசி, விளைவதைப் பகிர்ந்துகொள்வதாக ஒப்புக்கொள்வார்களாம். எங்களுக்கு அவ்வளவு பெரிய ஏற்பாடு வேண்டியிருக்கவில்லை. நாற்பது குடும்பங்களை உட்காரவைத்து, எந்த மாதங்களில் முட்டை குறையும், ஏன் குறையும் என்று சொன்னேன். குறையும்போது எல்லோருக்கும் சமமாகக் குறைத்துத் தருவேன், ஒருவருக்காக இன்னொருவரை விடமாட்டேன் என்றேன். ஐந்து குடும்பங்கள் விலகின. மற்றவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஒரு பருவத்துக்கான பணத்தை முன்கூட்டியே தருகிறார்கள். தீவனச் செலவுக்கு இனிக் கடன் தேவைப்படவில்லை. புதிதாகக் கேட்டு வருகிறவர்களின் பெயரை ஒரு நோட்டில் எழுதி, எப்போது இடம் வரும் என்று எனக்குத் தெரிந்த அளவில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

விலையைக் கொஞ்சம் ஏற்ற வேண்டியிருந்தது. அதில் எனக்கு இன்னும் மன உறுத்தல் உண்டு. அந்தப் பாட்டி வாங்கும் அளவைப் பாதியாக்கிக்கொண்டார். அவருக்கு மட்டும் பழைய விலையிலேயே கொடுத்து வருகிறேன். அவர் வீட்டில் மிஞ்சும் காய்கறித் தழைகளைக் கோழிகளுக்குக் கொண்டுவருகிறார்.

நீ கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒருமுறை இங்கே வந்து போ. உன் நிலத்தில் இப்போது எத்தனை கோழிகள் மேய்கின்றன, புல் திரும்ப எழும்ப எத்தனை வாரம் ஆகிறது, உன்னிடம் வாங்குகிறவர்களில் ஆண்டு முழுவதும் வருகிறவர்கள் எத்தனை பேர் என்பதை மட்டும் குறித்துக்கொண்டு வா. ஏழாவது பிரிவின் வேலியோரம் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம். அடைவைத்த முட்டைகளுக்கு இன்றோடு பன்னிரண்டு நாள். இன்னும் ஒன்பது நாளில் குஞ்சு பொரிக்கும், அதற்குள் வந்தால் பார்க்கலாம்.

அன்புடன்,
உன் பழைய தோழி