கொழுக்குமலைப் பாதை ஜீப் ஓட்டுநர்கள்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், ஸ்டாண்டில் வண்டியைப் போட்டுவிட்டு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வழக்கம்போல் கடைசி வரிசையைப் பிடித்துக்கொண்ட மூத்த ஓட்டுநர்களுக்கும் வணக்கம்.

சந்தா, புது உறுப்பினர் சேர்க்கை, விழாச் செலவு எல்லாம் பொருளாளர் அறிக்கையில் வரும். நான் பாதையைப் பற்றி மட்டும் பேசுகிறேன். செயற்குழுவின் நேரம் பெரும்பாலும் அதற்குத்தான் போனது.

கேரளத்தில் மூணாறு பக்கமுள்ள சூரியநெல்லியிலிருந்து மேலே கொழுக்குமலைக்குச் சுமார் 12 கிலோமீட்டர். தேயிலைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும் ரோடு என்று ஒன்றும் கிடையாது, கல்தான். 7,000 அடிக்கு மேல் சூரிய உதயம் பார்க்க வருகிறவர்களை இருட்டிலேயே ஏற்றிப் போகிறோம். ஆனால் ஏறும்போது யாருக்கும் எதுவும் ஆகவில்லை. இந்த வருடத்து உரசல்கள் எல்லாமே இறக்கத்தில், அடுத்த சவாரியைப் பிடிக்கிற அவசரத்தில்.

மழை ஓய்ந்த சமயம் நம் உறுப்பினர் ஒருவரின் ஜீப் ஈரக்கல்லில் சறுக்கி, மேட்டுப்பக்கத் திட்டில் சாய்ந்து நின்றது. நல்லவேளை, பள்ளத்துப் பக்கம் போகவில்லை. ஆட்களுக்கு அடியில்லை, மட்கார்டு போனதோடு சரி. போய்ப் பார்த்தால் போர் வீல், அதாவது நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் இழுவை தருகிற கியர், போடாமலே இறங்கியிருக்கிறார். மேலே டீ குடிக்கப் போகும்போது எடுத்தவர், திரும்பப் போட மறந்துவிட்டார். பிரேக்கை அழுத்தினார்; சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை.

அப்புறம்தான் மூத்தவர்களை வைத்து இளைஞர்களுக்கு வகுப்பு எடுத்தோம். இறக்கத்தில் போர் வீல் லோ (வேகம் குறைந்து இழுவை கூடுகிற நிலை), முதல் கியர், கிளட்சிலிருந்து காலை எடுத்துவிட வேண்டும். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். ஏற்றத்தில் இன்ஜின் நின்றால் கிளட்சை மிதித்து உருட்டக் கூடாது. பிரேக்கில் பிடித்து, ரிவர்ஸ் கியர் போட்டு, நேராகப் பின்னால் இறங்க வேண்டும். பாதியில் குறுக்கே திருப்பினால் வண்டி உருண்டுவிடும். பெரிய கல்லை நடுவில் விட்டுத் தாண்டப் பார்த்தால் அடியில் அச்சின் நடுவே தொங்குகிற ஹவுசிங் இடிக்கும். டயரைக் கல் மேலேயே ஏற்றுங்கள்.

பவர் ஸ்டீயரிங் இல்லாத வண்டியில் கட்டைவிரலை வளையத்துக்குள் மடக்கிப் பிடிக்காதீர்கள். முன்சக்கரம் கல்லில் மோதினால் ஸ்டீயரிங் வெடுக்கென்று சுழலும், விரலையும் முறித்துக்கொண்டு போகும். பாடம் எடுத்த அண்ணன் தன் கோணல் விரலை நீட்டிக் காட்டினார். அதற்கு மேல் யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஒற்றைத் தடத்தில் இறங்குகிற வண்டிதான் ஒதுங்க வேண்டும். சாலை விதியும் ஏறுகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை தருகிறது. ஸ்டாண்டில் யார் சீனியர் என்பதெல்லாம் அங்கே செல்லாது.

"இன்னும் குலுக்கி ஓட்டுங்கண்ணா" என்று கேட்கிற பயணிகள் இருக்கத்தான் செய்வார்கள். பின்படியில் நின்று வீடியோ எடுப்பவரை உட்காரச் சொல்லாமல், டிப்ஸுக்காகச் சிரித்துக்கொண்டு ஓட்டுகிற நம் ஆட்கள்தான் எனக்குக் கவலை. அவர்களுக்கு ஒரு வாரம் டர்ன் (ஸ்டாண்டில் வரிசைப்படி கிடைக்கும் சவாரி) நிறுத்தம் என்பது செயற்குழுவின் தீர்மானம். அது கடுமை என்று நினைக்கிறவர்கள் இங்கேயே எழுந்து சொல்லலாம்.

இந்தப் பாதையில் ஆம்புலன்ஸ் ஏறாது. யாருக்காவது ஏதாவது என்றால் நம் ஜீப்தான் ஆம்புலன்ஸ். அதனால் வண்டிக்கு ஒரு முதலுதவிப் பெட்டி, இழுவைக் கயிறு, சக்கரத்துக்கு இரண்டு முட்டுக்கட்டை கட்டாயம். கட்டைகளைச் சங்கமே செய்து தருகிறது. ஆசாரியிடம் சொல்லியாயிற்று; கூட்டம் முடிந்ததும் வண்டி நம்பரைக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

நன்றி.
செயலாளர்