மவுண்ட் ரோட்டில் தியேட்டர் தேடி வரும் மகளுக்கு

அன்புள்ள தேன்மொழிக்கு,

தை மாதம் நான்கு நாள் விடுப்பில் வருவதாகவும், மவுண்ட் ரோட்டில், அதாவது இன்றைய அண்ணா சாலையில், பழைய தியேட்டர்கள் இருந்த இடங்களை நடந்தே பார்த்து வரைபடம் போடப் போவதாகவும் எழுதியிருந்தாய். இருந்தவற்றின் பட்டியல் கேட்டாய். தருகிறேன் கண்ணு. ஆனால் அதற்கு முன்னால் எதைப் பார்ப்பது என்று சொல்லிவிடுகிறேன். வெறும் பட்டியலோடு போனால் கண்ணாடி முகப்பும் ஏ.டி.எம். பலகையும்தான் கண்ணில் படும்.

நீ கட்டடக் கலை படித்தவள். ஆகவே முகப்பிலிருந்து ஆரம்பிக்கத்தான் கை துடிக்கும். தியேட்டரை அப்படிப் பார்க்கக் கூடாது. படம் ஓட்டுகிறவர் நிற்கும் ஆபரேட்டர் ரூமிலிருந்து பார்க்க வேண்டும். அந்தச் சின்ன அறைக்கு என்ன தேவையோ அதுதான் ஹாலின் நீளத்தை முடிவு செய்தது. ஹால் மனையை முடிவு செய்தது. அந்த மனைதான் பின்னால் அங்கே துணிக்கடை வருமா, கல்யாண மண்டபம் வருமா என்பதையும் முடிவு செய்தது.

35 எம்.எம். படச்சுருள் நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். நிமிடத்துக்கு 90 அடி. ஒரு ரீல் என்பது 1,000 அடி, அதாவது பதினோரு நிமிடம். 16 ரீல் படம் என்றால் மூன்று மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. இரண்டு ரீலை ஒட்டி 2,000 அடிச் சக்கரத்தில் சுற்றினால் ஒரு சக்கரம் 22 நிமிடம் ஓடும். 16 ரீலுக்கு எட்டுச் சக்கரம், ஏழு மாற்றம். அதில் ஒன்று இடைவேளையில் போய்விடும். மீதி ஆறு மாற்றமும் படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜனங்களுக்குத் தெரியாமல் நடந்தாக வேண்டும். அதனால்தான் எந்த நிரந்தரத் தியேட்டரிலும் படம் காட்ட இரண்டு புரொஜெக்டர் மெஷின்.

மாற்றத்துக்கு அடையாளம் படத்திலேயே இருக்கும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னும். அப்போது அடுத்த மெஷினின் மோட்டாரைப் போட வேண்டும். ஏழு நொடி கழித்து இன்னொரு புள்ளி. அப்போது இந்த மெஷினை மூடி அதைத் திறக்க வேண்டும். தவறினால் திரை வெள்ளையாகும், விசில் பறக்கும். பல ஊர் சுற்றி வந்த பிரதிகளில் ரீலின் கடைசி அடிகள் அறுந்து அறுந்து, அந்தப் புள்ளிகளே இருக்காது. அப்படிப்பட்ட பிரதியில் ஆபரேட்டர்கள் தாங்களே படச்சுருளைச் சுரண்டிக் குறி வைத்துக்கொண்டார்கள்.

வெளிச்சத்துக்குக் கார்பன் குச்சிகள். பாசிட்டிவ் ஒன்று, நெகட்டிவ் ஒன்று. ரெக்டிஃபையரிலிருந்து டி.சி. மின்சாரம் கொடுத்து, இரண்டையும் தொடவிட்டுப் பிரித்தால் நடுவில் தீ நாக்கு நிற்கும். பின்னாலுள்ள குழிக் கண்ணாடி அந்த ஒளியைக் குவித்துப் படச்சுருளின் மேல் அடிக்கும். குச்சி எரிந்து குறைந்துகொண்டே போகும். ஆகவே ஆபரேட்டர் கறுப்புக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே திருகி முன்னால் தள்ள வேண்டும். கொஞ்சம் கவனம் பிசகினால் திரையின் நிறம் மாறும், ஓரம் இருளும். இடைவெளி அதிகமானால் வெளிச்சமே அணைந்துவிடும். புகையும் சாம்பலும் வரும் என்பதால் ஒவ்வொரு மெஷினுக்கும் கூரை வழியாக ஒரு தகரக் குழாய் உண்டு.

அந்தக் குழாயை நினைவில் வைத்துக்கொள். பழைய கட்டடத்தின் பின்பக்க உச்சியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு புகைபோக்கி தெரிந்தால், கீழே குடோன் இருந்தாலும் சரி, டியூஷன் சென்டர் இருந்தாலும் சரி, அது தியேட்டராக இருந்த கட்டடம். உள்ளே விட்டால் பின்சுவரில் சதுர ஓட்டைகளைத் தேடு. ஒரு மெஷினுக்கு இரண்டு: ஒன்று ஒளி போக, ஒன்று ஆபரேட்டர் பார்க்க. ஆக நான்கு. ஸ்லைடு காட்டும் விளக்குக்கு ஐந்தாவது ஒன்றும் இருக்கலாம். தீப்பிடித்தால் தானே விழுந்து அடைக்கும் இரும்புத் தகடு ஒவ்வொன்றுக்கும் மேலே தொங்கும். அந்த அறைக்குப் படிக்கட்டு ஹாலுக்குள்ளிருந்து இருக்காது, வெளியிலிருந்து தனியாக ஏறும். 1950களின் தொடக்கம் வரை புழங்கிய நைட்ரேட் படச்சுருள் தன் பிராணவாயுவைத் தானே கொடுத்துக்கொண்டு எரியும். தண்ணீருக்குள் போட்டாலும் அணையாது. அந்தப் பயம்தான் கதவையும் படிக்கட்டையும் ஜனங்களிடமிருந்து பிரித்து வைத்தது.

படம் ‘கட்’ ஆவது பற்றியும் கேட்டிருந்தாய். பெரும்பாலும் ஓரத் துளை கிழிந்துதான் அறும். ஃபிரேம் கோட்டில் நேராக வெட்டி, ஒரு முனையில் மெல்லிய பட்டை அளவுக்கு மேல்பூச்சைச் சுரண்டி, ஃபிலிம் சிமென்ட் என்னும் பசை தடவி, துளையோடு துளை பொருத்திச் சில நொடி அழுத்தினால் ஒட்டிவிடும். சுரண்டல் போதாவிட்டால் அடுத்த காட்சியில் அதே இடத்தில் விடும். ஒலிக்கோடு படத்துக்கு 20 ஃபிரேம் தள்ளிப் பதிவாகியிருக்கும். அதனால் ஒட்டிய இடத்தில் முதலில் படம் குதிக்கும், முக்கால் நொடிக்குச் சற்று மேலாகக் கழித்துத்தான் ஒலி ‘டொக்’கென்று வெட்டும். பழைய பிரதிகளில் உதடும் பேச்சும் ஒட்டாமல் போவதற்குப் பாதிக் காரணம், மெஷினில் படத்தைக் கோக்கும்போது விடும் தளர்வு வளையம் கூடக்குறைய இருப்பது. ஸ்டுடியோக்காரர்கள் மேல் பழி போட வேண்டியதில்லை.

இனி ஹால். பால்கனிக்கும் மேலே ஆபரேட்டர் ரூம் இருந்தால் ஒளி சரிந்து விழும். திரையில் படத்தின் அடிப்பக்கம் அகலும். அதை மறைக்கத்தான் திரையைச் சுற்றிக் கறுப்புத் துணி. ஸ்பீக்கர்கள் திரைக்குப் பின்னால் இருக்கும், அதனால் திரை முழுக்க ஊசித்துளை. செலவைப் பார்த்துத் திரைக்கு மறுபடி மறுபடி வெள்ளையடித்த தியேட்டர்களில் துளை அடைபட்டு, வசனம் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும். பார்வையை எதுவும் மறைக்கக் கூடாது என்பதால் நடுவில் தூணே இராது. தரை திரையை நோக்கிச் சரியும். இந்த இரண்டையும் குறித்துக்கொள்.

கூட்டக் கணக்கு மூன்றாவது. ஆயிரம் இருக்கை என்று வை. மேட்னி விட்டு ஃபர்ஸ்ட் ஷோ தொடங்க அரை மணிதான் இடைவெளி. ஆயிரம் பேர் வெளியே போய், ஆயிரம் பேர் உள்ளே வர வேண்டும். இரண்டு கூட்டமும் எதிரெதிரே முட்டினால் ஆள் மிதிபடும். ஆகவே உள்வாசல் ஒரு பக்கம், வெளிவாசல் இன்னொரு பக்கம், முடிந்தால் இன்னொரு தெரு. கதவுகள் எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கும். தரை டிக்கெட் வரிசைக்கு ஓர் ஆள் மட்டும் நுழையும் அகலத்தில் சுவர் வைத்த சந்து, பெண்களுக்குத் தனிக் கவுன்ட்டர், சைக்கிள் ஸ்டாண்டு. அந்தச் சந்துச் சுவர்கள்தான் கடைசி வரை இடிபடாமல் நிற்கும். பைக் நிறுத்தவோ மூட்டை அடுக்கவோ உதவும் அல்லவா. சுற்றியுள்ள தெருவும் இந்த மணிக்கணக்கில்தான் வாழ்ந்தது. செகண்ட் ஷோ விட்ட பிறகும் அடுப்பை அணைக்காத பரோட்டாக் கடை, பாட்டுப் புத்தகம் விற்ற நடைபாதை, கடைசி பஸ்ஸுக்கு ஓடும் கூட்டம் எல்லாம் தியேட்டர் இருக்கும் வரைதான். கட்டடம் போனால் முதலில் மாறுவது அந்தத் தெருவின் இரவு.

ஆக, ஊர் நடுவில், இரண்டு தெருவைத் தொடும், தூணில்லாத ஒரு பெரிய இடம். கொஞ்சம் யோசித்தால் அடுத்து யார் வாங்குவார்கள் என்று நீயே சொல்லிவிடுவாய். புரசைவாக்கம் ராக்ஸி பெரிய ஜவுளிக் கடையானது. மதுரையில் 1952 தீபாவளிக்குப் ‘பராசக்தி’யோடு திறந்த தங்கம் தியேட்டர், இரண்டாயிரத்து ஐந்நூறுக்கு மேல் இருக்கை கொண்டது, அங்கேயும் இன்று ஜவுளிக் கடை. கூட்டம் வந்து பழகிய இடம், பஸ் நிற்கும் இடம், உள்ளே வெளியே தனி வழி. ஜவுளிக் கடைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மனை சிறியதாக, குடியிருப்புக்குள் இருந்தால் கல்யாண மண்டபம். தூணில்லாத ஹால் அப்படியே பயன்படும், சரிந்த தரையை மட்டும் இடிபாட்டுக் கல் கொட்டி மட்டப்படுத்த வேண்டும். அப்படி மாற்றிய மண்டபங்களில் மேடைப் பக்கம் நின்று பார். ஜன்னல்களின் அடிமட்டம் ஓரிடத்தில் இடுப்புக்கும் ஓரிடத்தில் முழங்காலுக்கும் இருந்தால், கீழே பழைய சரிவு புதைந்திருக்கிறது.

ஏன் விற்றார்கள் என்பதற்குத் தொலைக்காட்சி என்று எல்லோரும் சொல்வார்கள். சென்னைத் தூர்தர்ஷன் 1975-இல் வந்தது, உண்மைதான். ஆனால் அதற்கப்புறமும் பெரிய தியேட்டர்கள் கட்டினார்கள். அசோக் நகர் உதயம் 1983-இல் திறந்தது. என் கணக்கில் பெரிய அடி, பிரதிகளின் எண்ணிக்கை மாறியது. முன்பு ஒரு படம் சென்னையில் நான்கைந்து தியேட்டரில்தான் வெளியாகும். மவுண்ட் ரோட்டுக்கு ஒன்று, வடசென்னைக்கு ஒன்று என்று. பிரதி எடுக்கும் செலவு அப்படி. ஒரே பிரதியின் பெட்டியை இரண்டு தியேட்டர் பகிர்ந்து, ஓடி முடிந்த ரீலைச் சைக்கிளில் எடுத்துப் போனதும் உண்டு. அதனால் ஆயிரம் இருக்கை நூறு நாள் நிரம்பியது. 2000க்குப் பிறகு டிஜிட்டல் வந்ததும் அதே படம் ஒரே நாளில் நூற்றுக்கணக்கான திரைகளில் ஓட ஆரம்பித்தது. வரவேண்டிய கூட்டம் பத்து நாளில் வந்து முடிந்துவிடும். அப்புறம் ஆயிரம் இருக்கைக்கும் ஏ.சி. ஓட வேண்டும், உட்கார்ந்திருப்பது எண்பது பேர். இருநூறு இருக்கைத் திரை அந்த எண்பதைத் தாங்கும். ஆயிரம் இருக்கை தாங்காது. மனையின் விலை மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது.

இனி நடக்கும் வழி. அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கு. முதலில் அண்ணா சாலை அஞ்சலகம். அந்த வளாகத்தில் இருக்கும் சின்னக் கட்டடம் 1913-இல் வார்விக் மேஜர் தொடங்கிய எலெக்ட்ரிக் தியேட்டர். சென்னையின் முதல் நிரந்தரத் தியேட்டர் அதுதான். இரண்டே ஆண்டில் அஞ்சல் துறை வாங்கிவிட்டது, அதனால்தான் பிழைத்தது. இப்போது தபால்தலைப் பிரிவு. அலுவலக நேரத்தில் போனால் உள்ளே நுழையலாம். அடுத்து பிளாக்கர்ஸ் சாலை. ரகுபதி வெங்கய்யா 1914-இல் கட்டிய கெயிட்டி அங்கே இருந்தது. இந்தியர் ஒருவர் சென்னையில் கட்டிய முதல் தியேட்டர். மிஞ்சியது எதுவும் இல்லை. பக்கத்திலேயே 1941-இல் வந்த கேசினோ நிற்கிறது. அங்கே நிதானமாக இரு. நான் மேலே சொன்ன வாசல், படிக்கட்டு, சரிவு எல்லாவற்றையும் நிற்கும் ஒரு கட்டடத்தில் பார்த்துவிட்டால், மற்ற இடங்களில் இல்லாததைக்கூட உன்னால் வரைய முடியும்.

பிறகு வெலிங்டன், அதன் பெயர் வெலிங்டன் பிளாசாவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எல்ஃபின்ஸ்டன் இருந்த இடத்தில் ரஹேஜா வளாகம். சாந்தி, 1961-இல் காமராஜர் திறந்து வைத்தது, சிவாஜி குடும்பத்தின் தியேட்டர், 2016-இல் மூடப்பட்டது. 1970-இல் வந்த தேவி இன்றும் ஓடுகிறது. தேவி பாரடைஸுக்குப் படிக்கட்டே இல்லாமல் சரிவுப் பாதையிலேயே மேலே ஏறலாம். கூட்டக் கணக்குக்கு அதைவிட அழகான விடையை நான் பார்த்ததில்லை. அதை அளந்துகொள், ஒரு சுற்றுக்கு எத்தனை அடி ஏறுகிறது என்று. மேற்கே ஜெமினிப் பக்கம் போனால் ஆனந்தும் சஃபையரும் இருந்த இடங்கள். சஃபையர், எமரால்டு, புளூ டைமண்டு என்று ஒரே வளாகத்தில் மூன்று. புளூ டைமண்டில் படம் இடைவிடாமல் ஓடும், எப்போது வேண்டுமானாலும் நுழையலாம். மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்தும் ஜனங்கள் ஜெமினி என்றே சொல்வது, அங்கிருந்த ஸ்டுடியோவால். உதயம் 2024-இல் மூடினாலும் பஸ்ஸில் அந்தப் பெயரைச் சொல்லித்தான் டிக்கெட் கேட்கிறார்கள். ஆகவே வரைபடத்தில் பஸ் நிறுத்தப் பெயர்களைத் தனி நிறத்தில் போடு.

காலை ஏழு மணிக்கு நடந்தால் வெயிலும் போக்குவரத்தும் குறைவு. கடைகளின் ஷட்டர் மூடியிருப்பதால் மாடிகளின் பழைய சுவர் நன்றாகத் தெரியும். வாசல் காவலரிடம் “தியேட்டர் பார்க்க வேண்டும்” என்று கேட்காதே. “ஆபரேட்டர் யாராவது இருக்கிறாரா ஐயா” என்று கேள். அவர்தான் மேலே கூட்டிப் போவார். அவரிடம் பழைய டி.சி.ஆர். நோட்டு, கண்ணாடி ஸ்லைடு, பாட்டுப் புத்தகம், டிக்கெட் கட்டு இருக்கிறதா என்று விசாரி. தினசரி வசூல் எழுதிய அந்த டி.சி.ஆர். தாள்களைத்தான் முதலில் எடைக்குப் போடுவார்கள். காகிதம் எதுவானாலும் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் காட்டலாம்.

படச்சுருள் கிடைத்தால் மூடியைத் திறந்து மோந்து பார். புளிக்காடி வாசம் வந்தால், நைட்ரேட்டுக்குப் பதிலாக வந்த அசிடேட் சுருள் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதை நல்ல சுருள்களோடு வைக்காதே, மற்றவற்றுக்கும் பரவும். காற்றுப் புகாமல் அடைத்தும் வைக்காதே. பழுப்புத் தூளோ பிசுக்கோ தெரிந்தால் நைட்ரேட்டாக இருக்கலாம். அதைத் தொடாமல், வெயிலிலும் வண்டியிலும் வைக்காமல், இருந்த இடத்திலேயே விட்டு எனக்குச் சொல். எதையும் கொளுத்திச் சோதிக்கக் கூடாது. 1964-இல் தொடங்கிய தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நீ இருக்கும் புனேயிலேயே இருக்கிறது. ஊர் திரும்பியதும் நேரில் போய், என்ன கிடைத்தது, எத்தனை பெட்டி, எந்த நிலை என்று எழுதிக் கொடு. கிளம்புவதற்கு முன்பே அவர்களுக்கு ஒரு கடிதம் போட்டு வைத்தால் இன்னும் நல்லது.

டார்ச்சும் முப்பது மீட்டர் டேப்பும் மறக்காதே. அடிக்கோல் இங்கே வீட்டில் இருக்கிறது.

அன்புடன்,
அப்பா