ஜெபஆலயத்தில் பலிபீடம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழில் யூத சமயம் பற்றிய கட்டுரையை விரும்பிப் படித்தேன். ஒரு வரி மட்டும் உறுத்துகிறது. யூதர்கள் இன்றும் தங்கள் ஆலயங்களில் பலி செலுத்துகிறார்கள் என்று எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். அது நின்று 1,900 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது.

அவரை மட்டும் குறை சொல்ல மாட்டேன். நம் பழைய தமிழ் பைபிளில் எருசலேமில் இருந்தது 'தேவாலயம்', ஊருக்கு ஊர் இருந்தது 'ஜெபஆலயம்'. இரண்டிலும் 'ஆலயம்' இருப்பதால் ஒன்று பெரிய கோயில், மற்றது சின்னக் கோயில் என்று எடுத்துக்கொள்கிறோம். ஞாயிறு பள்ளியில் பல வருடம் பாடம் எடுத்த நானே அப்படித்தான் நினைத்திருந்தேன். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெபஆலயத்துக்குப் போனபோது, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த நீல வெள்ளைச் சீன ஓடுகளில் நின்றுகொண்டு, "பலிபீடம் எங்கே?" என்று கேட்டு அசடு வழிந்தேன். அங்கே இருப்பது நடுவில் ஒரு வாசிப்பு மேடை, மேற்குச் சுவரில் தோரா (மோசேயின் ஐந்து நூல்கள்) சுருள்கள் வைத்த பேழை, அவ்வளவுதான். எபிரேயத்தில் அதன் பெயரே 'கூடும் வீடு' என்றுதான் பொருள்படும். கத்தோலிக்கர் சொல்லும் 'தொழுகைக்கூடம்' எவ்வளவோ பொருத்தம்.

கர்த்தர் தேர்ந்தெடுக்கும் ஓரிடத்தில்தான் பலி என்கிறது பைபிளின் உபாகமம் 12-ஆம் அதிகாரம். அந்த இடம் எருசலேம் என்பது யூதர் நம்பிக்கை. ஆனால் எல்லோரும் அதன்படி நடந்தார்கள் என்று சொல்ல முடியாது. எகிப்தில் நைல் நதியின் எலிபன்டைன் தீவில், பாரசீகருக்குப் படைவீரர்களாக இருந்த யூதர்கள் தங்களுக்கென்று ஒரு கோயில் வைத்துப் பலியும் இட்டார்கள். கி.மு. 410-இல் அது இடிக்கப்பட்டது. பக்கத்திலிருந்த க்னூம் என்ற எகிப்தியக் கடவுளின் கோயில் பூசாரிகளின் தூண்டுதல். மூன்று வருடம் கழித்து எருசலேம் இருந்த யூதேயாவின் ஆளுநருக்கு அந்த யூதர்கள் அரமேய மொழியில் எழுதிய மனு பாப்பிரஸில் கிடைத்திருக்கிறது. திரும்பக் கட்ட வேண்டும். மாவு, தூபம், தகனபலி (மிருகத்தை எரித்துப் படைப்பது) மூன்றும் படைக்க வேண்டும் என்று கேட்கிறார்கள். வந்த பதிலில் கட்டலாம், மாவும் தூபமும் படைக்கலாம் என்று இருக்கிறது. தகனபலி பற்றிப் பேச்சே இல்லை. அரசாங்க பதில் அன்றும் அப்படித்தான் போலிருக்கிறது!

கி.பி. 70-இல் ரோமப் படை எருசலேம் தேவாலயத்தை எரித்ததும் பலியிடும் பூசாரிகளான ஆசாரியர்களுக்கு வேலை இல்லாமல் போயிற்று. ரபீக்களின் காலம் வந்தது. ரபீ பூசாரி அல்ல, வேதம் கற்றவர். மரபுப்படி பத்து ஆண்கள் கூடினால் பொது ஜெபம் நடக்கும். ரபீ இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. பிற்பகல் ஜெபத்துக்கு 'மின்ஹா' என்று பெயர். காணிக்கை என்று அர்த்தம். காணிக்கை போய்விட்டது, பெயர் ஜெபத்தோடு ஒட்டிக்கொண்டது. எகிப்து அடிமைத்தனத்திலிருந்து விடுபட்டதை நினைக்கும் பஸ்கா பண்டிகை இரவில் வீட்டு மேசைமேல் கசப்புக் கீரையோடு சுட்ட எலும்பு ஒன்றையும் தட்டில் வைப்பார்கள். அதை யாரும் தின்பதில்லை. தேவாலயத்தில் அடித்த பஸ்கா ஆட்டுக்கு அது அடையாளம்.

கட்டுரையாளர் ஒருவேளை இஸ்ரவேலர் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொள்ளும் சிறு சமூகமான சமாரியரைப் படத்தில் பார்த்துக் குழம்பியிருக்கலாம். அவர்கள் இன்றும் கெரிசீம் மலையில் பஸ்காவுக்கு ஆடு அறுக்கிறார்கள். ஆனால் அது தனி மரபு. எருசலேமை வழிபாட்டுக்குரிய இடமாக அவர்கள் ஏற்பதே இல்லை.

அடுத்த இதழில் ஒரு திருத்தம் போட்டால் நல்லது.

– வாசகர், பாளையங்கோட்டை