செம்பருத்திக் கிளை கொடுத்தனுப்பிய பூங்கா அக்காவுக்கு

எங்கள் மாடித்தோட்டம் பிழைத்துக்கொண்டது. வெள்ளைப் பஞ்சாக ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சும் மாவுப்பூச்சி செடிகளைப் பிடித்திருந்தது. அது எந்த அளவுக்குப் போனது என்பது தெருவில் எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதைத் திரும்பச் சொல்லவில்லை. சூடு ஆறுவதற்குள் நன்றி சொல்லிவிட வேண்டும், அதற்குத்தான் இந்த மடல்.

முதலில் மாநகராட்சிப் பூங்காவில் செடி பார்க்கும் அக்காவுக்கு. அக்கா, வேலியோரச் செம்பருத்தியை வெட்டிவிடும்போது ஒரு கிளையை மட்டும் குப்பை வண்டியில் போடாமல், செய்தித்தாளில் சுற்றி, நாங்கள் கேட்காமலேயே எங்கள் வாட்ச்மேனிடம் கொடுத்தனுப்பினீர்கள். கூடவே, "இதுல வெள்ளையா ஓடுறது பூச்சி இல்லைன்னு சொல்லுங்க, பூச்சியத் தின்ற புழு. மருந்து மட்டும் அடிச்சிர வேணாம்" என்று சொல்லியும் விட்டீர்கள். உங்களுக்கு அது கைவேலைக்கு நடுவில் செய்த ஒரு சின்னக் காரியம். நாங்கள் அன்று சாயங்காலம் கலக்கி வைத்திருந்த வேப்பெண்ணெயைத் தொடவே இல்லை. இன்று கத்தரி காய்ப்பதற்கு அதுதான் காரணம்.

அந்தக் கிளையில் இருந்தது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த வண்டு. காப்பிச் செடியின் செதில்பூச்சியை ஒழிக்க 1898-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இதன் புழு மாவுப்பூச்சியைப் போலவே உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு இருக்கும். பார்த்தவுடன் "பெரிய மாவுப்பூச்சி" என்று நசுக்கத்தான் யாருக்கும் கை போகும். இரண்டையும் பிரித்தறிய ஓர் ஈர்க்குச்சி போதும். மாவுப்பூச்சி மூன்று மில்லிமீட்டர் அளவுதான், குச்சியால் தொட்டாலும் இடத்தை விட்டு அசையாது, அசைந்தாலும் மெல்ல நகரும். வளர்ந்த பொறிவண்டுப் புழு பன்னிரண்டு, பதின்மூன்று மில்லிமீட்டர் வரும். இழைகள் நீளமாக, கலைந்த பஞ்சாகத் தெரியும். தொட்டால் விறுவிறுவென்று ஓடும். முழு வண்டு நான்கு மில்லிமீட்டர் இருக்கும், முதுகு கரும்பழுப்பு, தலைப்பக்கம் ஆரஞ்சு நிறம். எங்கள் மாடிக்கு வருகிறவர்கள் கையில் இப்போதெல்லாம் ஒரு லென்ஸைக் கொடுத்துவிட்டுத்தான் செடியைத் தொட விடுகிறோம்.

கிளையை என்ன செய்வது என்பதையும் அக்காவே சொல்லி அனுப்பியிருந்தார்: உதறக் கூடாது, பூச்சி அதிகமாக இருக்கும் கவட்டையில் அப்படியே செருகி வைக்க வேண்டும், வெயில் தாழ்ந்த பிறகு. வெட்டிய கிளை வாட வாட, புழுக்கள் தானாகவே பச்சைக் கிளைக்கு ஏறிக்கொள்ளும். மாவுப்பூச்சி பஞ்சுப்பொதிக்குள் முட்டையிடும்; இந்த வண்டும் அந்தப் பொதியிலோ பக்கத்திலோதான் தன் முட்டையை வைக்கும். அதனால் சின்னப் புழு வெளியே வந்ததும் சாப்பாடு எதிரிலேயே இருக்கும். முட்டையிலிருந்து வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். முதல் வாரத்தில் ஒன்றுமே நடக்காத மாதிரிதான் இருக்கும். பொறுமை இழந்து பாட்டிலைத் தூக்குவது அப்போதுதான்.

வண்டை விட்டால் மட்டும் போதாது, எறும்பை நிறுத்த வேண்டும். இதைச் சொல்லித் தந்தவர் தரைத்தளத்து ஐயா. மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அதைக் கறவை மாடு போலக் காவல் காக்கும், பொறிவண்டுப் புழுவைக் கடித்து விரட்டும். தொட்டி வைக்கும் ஸ்டாண்டின் ஒவ்வொரு காலின் கீழும் தண்ணீர் நிறைந்த கிண்ணம் வைத்தால் ஏறாது, ஆனால் ஓர் இலை கைப்பிடிச்சுவரையோ துணிக்கொடியையோ உரசினாலும் அதுவே பாலமாகிவிடும். உரசும் கிளையைக் கத்தரித்துவிடுங்கள். கிண்ணத்துத் தண்ணீரில் நாலு சொட்டு எண்ணெய் விடுவதும், அதை வாரம் ஒருமுறை கொட்டிக் கழுவுவதும் கட்டாயம். இல்லையென்றால் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவை நாமே வளர்த்த கணக்கு.

நாட்டு மருந்துக்கடை அண்ணாச்சிக்குத் தனி நன்றி. விளக்குக்கு விற்கும் வேப்பெண்ணெயைத் தர மறுத்து, அதில் வேறு எண்ணெய்க் கலப்பு இருக்கும் என்று சொல்லி, செக்கில் ஆட்டியதை வரவழைத்துக் கொடுத்தார். புழு விடாத செடிகளுக்கு அதைத்தான் அடித்தோம். அளவு பலரும் கேட்டதால் எழுதுகிறோம்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய். முதலில் எண்ணெயோடு காதி சோப்புக் கரைசல் ஒரு டீஸ்பூன் சேர்த்து நன்றாக அடித்துக் குழைக்க வேண்டும், பிறகு வெதுவெதுப்பான தண்ணீரைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பால் மாதிரி வெளுத்தால் சரி. மேலே எண்ணெய் மிதந்தால் கலக்கவில்லை என்று அர்த்தம். அதை அடித்தால் இலை கருகும். துணி துவைக்கும் பவுடர் வேண்டாம், அதுவும் கருக்கும். முதலில் இரண்டு இலையில் தெளித்து ஒருநாள் பார்த்துவிட்டு, மாலையில், இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். கலந்ததை அன்றே தீர்த்துவிட வேண்டும்.

மாவுப்பூச்சிக்கு இதை மட்டும் நம்பினால் ஏமாற்றம்தான். மேலுள்ள மெழுகில் தண்ணீர் ஒட்டாது. அதனால் முந்தின நாள் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அந்தப் பஞ்சைக் கலைத்துவிட வேண்டும் (நுனி குறுகலான நாசிலைக் காசு வாங்காமல் மாட்டித் தந்த பிளம்பர் தம்பி, நீங்களும் இந்தக் கணக்கில் உண்டு). பொதிக்குள் இருக்கும் முட்டைக்கு எதுவும் எட்டாது என்பதால், குஞ்சு வெளிவர வெளிவர வாரம் ஒருமுறை என மூன்று தடவை அடிக்க வேண்டும். வேம்பு உடனே கொல்லாது. பூச்சி தின்பதைக் குறைக்கும், தோலுரிப்பதைக் கெடுக்கும். மறுநாள் செத்துக் கிடக்கும் என்று தேடாதீர்கள். சோப்பும் எண்ணெயும் பொறிவண்டுப் புழுவின் மேல் பட்டாலும் கேடுதான், ஆகவே புழு விட்ட செடியில் இது எதுவுமே கூடாது.

மைதா சொன்ன மாமிக்கும் நன்றி. இனிப்பு நீர் வழிந்த இலைமேல் படர்ந்த கரும்பூசணத்துக்கு, லிட்டருக்கு 25 கிராம் மைதாவைக் கரைத்துக் காய்ச்சி, ஆறவைத்து, துணியில் வடிகட்டி, நல்ல வெயில் நாளில் தெளிக்க வேண்டும். காய்ந்ததும் ஏடாக உரிந்து கருப்பும் கூடவே போய்விடும். வடிகட்டாவிட்டால் நாசில் அடைத்துக்கொள்ளும். சலித்த சாம்பல் கொடுத்த இஸ்திரி வண்டிக்காரர், வெள்ளை ஈயை ஒட்டவைத்துப் பிடிக்க மஞ்சள் அட்டையும் அதில் தடவ விளக்கெண்ணெயும் வாங்கி வந்த கல்லூரிப் பிள்ளைகள், ஊருக்குப் போனவர்கள் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய வாட்ச்மேன், எல்லாருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு. பிள்ளைகளுக்கு ஒரு சொல்: மஞ்சள் அட்டையில் வெள்ளை ஈயோடு நன்மை செய்யும் குளவிகளும் ஒட்டும். வெள்ளை ஈ குறைந்ததும் கழற்றிவிடுங்கள்.

அக்கா சொன்ன "மருந்து மட்டும் அடிச்சிர வேணாம்" என்பதை யோசிக்கும்போது பப்பாளிதான் நினைவுக்கு வருகிறது. 2008-இல் கோவையில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி மரவள்ளி, மல்பெரி என்று பரவி, அடித்த மருந்துக்கெல்லாம் மசியாமல் நின்றது. 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விட்ட கண்ணுக்கே சரியாகத் தெரியாத குளவிதான் அதை அடக்கியது. அந்தக் குளவி நிலைக்க வேண்டுமென்றால் அது இருக்கும் இடத்தில் மருந்து படக் கூடாது. பூங்காவின் வேலியில் யாரும் மருந்து அடிக்காமல் விட்டிருந்ததால்தான் எங்களுக்கும் ஒரு கிளை கிடைத்தது. வேலையாட்களிடம் மருந்து டின்னைக் கொடுத்துவிட்டுச் செடி பளிச்சென்று இருக்க வேண்டும் என்று கேட்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி நாங்கள் செய்யப்போவது இதுதான். வடகிழக்கு மூலைச் செம்பருத்தியில் ஒரு கிளையை மாவுப்பூச்சியோடேயே விட்டு வைக்கிறோம். முழுக்கச் சுத்தம் செய்தால் தின்ன எதுவும் இல்லாமல் வண்டுகள் பறந்துவிடும், அடுத்த முறை திரும்பவும் பூங்கா வாசலில்தான் நிற்க வேண்டும். அந்தக் கிளையிலிருந்து யார் கேட்டாலும் புழு தருகிறோம், இலவசமாக. காகிதப் பையோடு மாலையில் வாருங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பாவில் வியர்த்து ஒட்டிச் செத்துவிடும். பூச்சி பிடித்த சின்னக் கொப்பு ஒன்றும் உங்கள் செடியிலிருந்தே கொண்டுவந்து பைக்குள் போடுங்கள். பசித்தால் புழுக்கள் ஒன்றையொன்று தின்னும். ரசாயன மருந்து அடித்த செடியாக இருந்தால் சில வாரங்கள் கழித்துத்தான் தருவோம், கோபித்துக்கொள்ளக் கூடாது. அக்கா, உங்கள் வேலியில் எப்போதாவது வண்டு குறைந்தால் ஆளனுப்புங்கள். கிளையோடு நாங்களே வருகிறோம்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடித் தோட்டக்காரர்கள்